பிள்ளை வந்த வீட்டுக்கு இப்போது விருந்துக்குப் போகாதீர்கள்

செட்டிநாட்டு ஊர் நகரத்தார் சங்கங்களுக்கும், நகரக் கோயில் காரியக்காரர்களுக்கும், பெரிய வீடுகளின் தாத்தா பாட்டிகளான ஐயா, அப்பத்தா, ஆயாமார்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வெளிநாட்டில் தத்தெடுத்த கைக்குழந்தையோடு ஒரு தம்பதி ஊருக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், இங்கே சாப்பாட்டுக்கு ஆள் சொல்லிவிடுகிறார்கள். திருச்சிக்கோ மதுரைக்கோ வேன் போகிறது. முகப்பில் ஆரத்தித் தட்டோடு பங்காளி வீட்டார் அத்தனை பேரும் நிற்கிறார்கள். குழந்தை வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் முப்பது பேர் தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள். எல்லாம் பாசம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் கேட்டுக்கொள்கிறோம்: முதல் மூன்று மாதம் இதில் எதுவும் வேண்டாம். ஏன் என்றும், அதற்குப் பதிலாக ஊர் என்ன செய்யலாம் என்றும் கீழே எழுதியிருக்கிறோம். நாங்கள் இந்தப் பகுதியில் குழந்தை மருத்துவம், செவிலியம், தத்துச் சட்டம் ஆகிய துறைகளில் வேலை செய்கிறவர்கள்.

பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, நமக்குப் புதிதல்ல. அதைப் பற்றி ஒளிவுமறைவே இல்லாமல் பேசும் சமூகம் இது. ஊரைக் கூட்டி, விருந்து வைத்து, எல்லோர் முன்னாலும் நடத்திப் பழகிய காரியம். பதினைந்து வயதைத் தாண்டியவரையோ, கல்யாணம் ஆனவரையோ தத்தெடுக்க 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருக்கும் சமூகங்களுக்கு 10ஆம் பிரிவிலேயே விலக்கு உண்டு. வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்ட எத்தனையோ குடும்பங்கள் அந்த விலக்கில்தான் நிற்கின்றன. சிக்கலும் அங்கேதான். நம் முறை அப்படி வளர்ந்த பிள்ளைக்காக உருவானது. அவன் பங்காளி வீட்டுப் பையன். இந்த வீட்டு அப்பச்சியை (அப்பாவை) முன்பே தெரியும், பட்டாலையில் ஓடி விளையாடியிருப்பான், யார் அத்தை, யார் அயித்தான் என்று சொல்லத் தெரியும். ஊர் கூடுவது அவனுக்குப் பெருமை. காப்பகத்திலிருந்து வரும் ஏழு மாதக் குழந்தைக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. அதற்குத் தெரிந்த முகம், வாசனை, பேச்சு எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. அதற்கு விருந்து வைப்பதும் வைக்காததும் ஒன்றுதான். விருந்துக்கு வரும் கைகள்தான் கெடுதல்.

எப்படிக் கெடுதல் என்கிறீர்களா? காப்பகங்களில் பணிப்பெண்கள் ஷிப்டு மாறி மாறி வருகிறார்கள். காலையில் பால் கொடுத்தவர் இரவில் இருக்கமாட்டார். அழுதால் ஒருவர் வருவார் என்ற உறுதி இல்லாத இடத்தில் குழந்தை அழுவதைக் குறைத்துக்கொள்கிறது. யார் தூக்கினாலும் சிரிக்கக் கற்றுக்கொள்கிறது, ஏனென்றால் சிரித்தால்தான் கவனிப்பு கிடைக்கிறது. ஊருக்கு வந்ததும் நம் ஆட்கள் சொல்வது: “எவ்வளவு சமத்து, அழவே மாட்டேங்குது, யார்கிட்ட வேணாலும் போகுது!” இந்த இரண்டு பாராட்டும் எங்களுக்குக் கவலை தருபவை. ஏழெட்டு மாதக் குழந்தை அந்நியரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டும், அம்மாவின் தோளில் முகம் புதைக்க வேண்டும். அது வராத வரை, இவர்தான் என் ஆள் என்று குழந்தை யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம். முப்பது கை மாறும் வீடு அதற்கு இன்னொரு காப்பகம்தான்.

ஆகவே விதி இது. பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது, அழும்போது தூக்குவது: இந்த ஐந்தையும் அம்மாவும் அப்பாவும் மட்டுமே செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் வெளியாட்கள் வேண்டவே வேண்டாம். ஒரே வீட்டில் இருக்கும் அப்பத்தாவும் ஐயாவும் பக்கத்தில் உட்காரலாம், பேசலாம், பாடலாம், தூக்க வேண்டாம். குழந்தையே கையை நீட்டினால் முகம் திருப்பிக்கொள்ளாமல், “அம்மாகிட்ட போ கண்ணு” என்று சொல்லி அம்மாவின் மடியிலேயே விடுங்கள். பேரப்பிள்ளைக்காகப் பல வருடம் காத்திருந்த ஒரு அப்பத்தாவிடம் இதைச் சொல்வது கொடுமை என்று தெரியும். மூன்று மாதம் கழித்து அந்தக் குழந்தை அம்மாவை விட்டு நகர மறுத்து அழுதால் அதுதான் நல்ல சேதி. அதற்கப்புறம் ஒவ்வொருவராகப் பழக்கலாம், முதலில் அப்பத்தாவை.

வேலை இல்லாமல் போய்விடுமோ என்று யாரும் வருந்த வேண்டாம். குழந்தையைச் சுற்றி மலை போல வேலை இருக்கிறது. சங்கம் ஒருவரைப் பொறுப்பாக வைக்கட்டும். வீட்டாருக்கு வரும் விசாரிப்பு எல்லாம் அவருடைய போனுக்கே போகட்டும். மதியம் பன்னிரண்டுக்கும் இரவு ஏழுக்கும் டிபன் கேரியரைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம். துணி துவைத்து மாடியில் காயப்போடலாம். பால் பாட்டில்களைத் தண்ணீரில் முழுக மூழ்கவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் கொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கார் ஓட்டலாம், அலுவலகங்களில் வரிசையில் நிற்கலாம்.

பால் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

காப்பகத்தில் குடித்த அதே பால்பவுடரையே இரண்டு வாரம் தொடர வேண்டும். இடம், முகம், பேச்சு எல்லாம் மாறிய வாரத்தில் பாலையும் மாற்றினால், வயிறு போவது பாலாலா, கிருமியாலா, பயத்தாலா என்று மருத்துவருக்கே தெரியாது. எவ்வளவு வாங்கி வர வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. இணையுணவு தொடங்காத குழந்தைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 மில்லி. 6 கிலோ குழந்தைக்கு 900 மில்லி. பெரும்பாலான டின்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. ஆக 30 கரண்டி. 400 கிராம் டின் மூன்று நாள்தான் வரும். இரண்டு வாரத்துக்கு ஐந்து டின் கையோடு வர வேண்டும். பெட்டியில் பொம்மைக்கு இடம் இல்லாவிட்டால் பரவாயில்லை. பிறகு உள்ளூர்ப் பவுடருக்கு மாற்றும்போது, இரண்டையும் அந்தந்த டின்னில் சொன்ன அளவுப்படி தனித்தனியே கரைத்து, அப்புறம் கலக்க வேண்டும். முதலில் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. பிறகு கால் பங்கு பழையது. இரண்டு பவுடரையும் ஒரே பாட்டிலில் கொட்டி உத்தேசமாகத் தண்ணீர் விடக் கூடாது. கரண்டியின் அளவு டின்னுக்கு டின் மாறும்.

தண்ணீர் கொதித்து இறக்கிய அரை மணி நேரத்துக்குள், சூடு 70 டிகிரிக்குக் குறையாதபோதே பவுடரைக் கரைத்து, பிறகு பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்ற வேண்டும். பவுடரில் இருக்கக்கூடிய கிருமி சாக அந்தச் சூடு வேண்டும். சம்பை ஊற்றுத் தண்ணீர் ஆனாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். “செரிக்காது, கொஞ்சம் தண்ணியா கலக்கு” என்று எந்த ஆச்சி சொன்னாலும் கேட்கக் கூடாது. தண்ணீர் கூடினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரும்.

குழந்தை புதுப் பாட்டிலைத் துப்பி அழுதால் பாலைக் குறை சொல்லுமுன் நிப்பிளைப் பாருங்கள். காப்பகங்களில் நேரம் மிச்சமாகட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக்கிவிடுவது உண்டு. பாட்டிலைத் துணிச் சுருளில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போய்விடுவதும் உண்டு. அப்படிப் பழகிய குழந்தைக்குக் கடையில் வாங்கிய சின்ன ஓட்டையில் உறிஞ்சத் தெரியாது. வேகமாகப் பால் வரும் நிப்பிளில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மடியில் ஏந்திப் பால் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உடம்பை விறைக்கும். அதுவும் பழக்கமின்மைதான். கட்டாயப்படுத்தாமல் மடியிலேயே வைத்துக் கொடுத்து வந்தால் ஒரு நாள் கண்ணைப் பார்க்கும்.

இப்போது ஆயாமார்களிடம் நேராகப் பேசுகிறோம். சேனை தொட்டு வைக்க வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் துளிகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். மூக்கில் எண்ணெய் விட வேண்டாம், நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும். கண்மை வேண்டாம், பலவற்றில் ஈயம் இருக்கிறது. சாம்பிராணிப் புகை வேண்டாம். பிள்ளையார் நோன்பு வந்தால் இழையை (மாவில் வைத்து ஏற்றும் திரியை) குழந்தையின் வாயில் வைக்காமல் தாயே எடுத்துக்கொள்ளட்டும்.

நம் வீடுகளில் குறிப்பாக வரக்கூடிய ஒரு ஆபத்தைத் தனியாகச் சொல்கிறோம். வம்சத் தொட்டில் துணி, பட்டு, பழைய சால்வை எல்லாம் மர பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடக்கும். தென்கிழக்கு ஆசியக் குழந்தைகளில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பவர்கள் கணிசம். அந்தக் குறை உள்ள குழந்தையை நாப்தலீன் வாசனை ஏறிய துணியில் சுற்றினால் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரும், சிறுநீர் கருக்கும். சோதனை முடிவு வரும்வரை பீரோத் துணி எதுவும் வேண்டாம். காப்பகத்திலிருந்து வந்த பழைய துணி ஒன்றைத் துவைக்காமல் தலைமாட்டில் வையுங்கள். அந்த வாசனைதான் அதற்குத் தெரிந்த வாசனை.

வந்த இரண்டு வாரத்துக்குள், நோய் ஏதும் தெரியாவிட்டாலும், குழந்தை மருத்துவரிடம் முழுப் பரிசோதனை நடக்க வேண்டும். அந்த நாட்டு மருத்துவ அறிக்கையை வைத்து விட்டுவிடக் கூடாது. இரத்த அணுக்கள், ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, சிபிலிஸ், தைராய்டு, ஈயம், ஜி6பிடி, மலத்தில் ஒட்டுண்ணிக்கு வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி, காசநோய், கண், காது. இதில் மூன்று இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எச்ஐவி எதிர்ப்பொருள் சோதனை தாயின் நிலையைத்தான் காட்டும், குழந்தைக்குத் தொற்று உண்டா என்று பார்க்க வைரஸையே தேடும் பிசிஆர் வேண்டும். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்கும் சோதனை, ஊட்டம் குறைந்த குழந்தைக்கு முதல் முறை ‘இல்லை’ என்று காட்டிவிடலாம், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பச் செய்ய வேண்டும். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியின் தழும்பு இருப்பதால் காசநோய் இல்லை என்று ஆகாது. ஹெபடைடிஸ் பி சோதனையையும் ஆறு மாதம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

தடுப்பூசி அட்டையில் தேதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறந்த தேதிக்கு முன்னால் ஒரு ஊசி, எல்லாத் தேதியும் ஒரே மையில் ஒரே கையெழுத்தில், இரண்டு தவணைக்கு நடுவே நாலு வாரம்கூட இல்லாமை, இவை இருந்தால் அட்டையை நம்பாமல் மருத்துவர் திரும்பத் தொடங்குவார். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடமும் அட்டையைக் காட்டிவிடுங்கள். உயரம் குறைவு என்று யாரும் பேச வேண்டாம். காப்பகத்தில் கழிந்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாத வளர்ச்சி பின்தங்குவது உலகமெங்கும் கண்டது, நல்ல உணவில் பெரும்பகுதி திரும்ப வரும். முதுகிலும் பிட்டத்திலும் நீலத் திட்டுகள் இருந்தால் “அடிச்சிருக்காங்க” என்று கிளப்பிவிடாதீர்கள். ஆசியக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் நிறம் அது, தானாக மங்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள யாரும் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது. சமையல்காரர், காவல்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடானால் ஒரு வாரம் முன்பே திறந்து, வௌவால், புறா எச்சம் கழுவி, முற்றத்து அண்டாக்களையும் தொட்டிகளையும் கவிழ்த்து வையுங்கள். கொசு ஒரு காரணம், தவழும் குழந்தை தலைகுப்புற விழுவது இன்னொன்று. ஆத்தங்குடித் தரைக்கு எண்ணெய் மெருகு போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தலாம். உயரமான கூரையும் இருண்ட உள்ளறையும், எப்போதும் விளக்கும் சத்தமும் உள்ள கூடத்தில் தூங்கிப் பழகிய குழந்தைக்குப் பயம் தரும். பெற்றோர் கட்டிலை ஒட்டியே மல்லாக்கப் படுக்க வையுங்கள், சின்ன விளக்கு எரியட்டும். சேலையில் கட்டும் ஏணை, புரளவும் உட்காரவும் தொடங்கிய குழந்தைக்கு ஆகாது. கழுத்தில் துணி சுற்றும். கொழும்பிலிருந்து வந்தால் நேர வித்தியாசமே இல்லை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி நேரம். தூக்கம் சில நாளில் சரியாகிவிடும். அதற்கு மேலும் இரவு முழுக்க அழுதால் அது நேரக் கோளாறு அல்ல, இழந்ததைத் தேடும் அழுகை. கயிறு மந்திரித்துக் கட்டுவதைவிட அப்பச்சி தோளில் போட்டு நடப்பது மேல்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாக. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன குடும்பங்களுக்கு அங்கே இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். “அங்கே ஒரு பிள்ளை இருக்கு, முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு சுற்றுலா விசாவில் கூட்டி வந்துவிடலாம்” என்று யோசனை சொல்கிறவர்கள் ஊருக்கு ஒருவர் உண்டு. அது தத்து ஆகாது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின்படி நாடு விட்டு நாடு நடக்கும் தத்து முழுவதும் அந்தச் சட்டத்தின் வழியேதான் நடக்க வேண்டும். முறை தவறிய தத்துக்கு 80ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய தண்டனை பிள்ளைக்கு: விசா முடிந்த நாளிலிருந்து அது இந்த மண்ணில் ஆவணம் இல்லாத அந்நியர்.

சரியான வழி இப்படி. தத்து முதலில் அந்த நாட்டிலேயே அந்த நாட்டுச் சட்டப்படி முடிய வேண்டும். தம்பதியின் இல்ல ஆய்வறிக்கை, குழந்தை பற்றிய ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றையும் பார்த்து மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமான ‘காரா’ ஒப்புதல் தரும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் குழந்தைக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நுழைவு விசா கேட்க வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் வெளிநாட்டவர் பிரிவின் அனுமதியும் தூதரகம் வழியாகவே வர வேண்டும். இலங்கை 1993ஆம் ஆண்டு ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் உள்ள நாடு. இந்தியா 2003இல் ஏற்றது. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வரும்போது உடன்படிக்கையின் 23ஆம் பிரிவுச் சான்றிதழை வாங்காமல் விமானம் ஏறாதீர்கள், பின்னால் அது கிடைப்பது கடினம். மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் சேராத நாடுகள். அங்கே தாள்களைத் தூதரகத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். தத்தெடுத்ததாலேயே இந்தியக் குடியுரிமை வந்துவிடாது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விருந்துக்கு நாள் பார்க்கும் பெரியவர்கள் விசா முடியும் நாளையும் அதே காலண்டரில் குறித்துவைத்தால் புண்ணியம்.

காரியக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பது கோயிலில் எந்தக் கோயிலானாலும் புள்ளி, அதாவது கோயில் கணக்கில் தனிக் குடும்பமாகச் சேர்வது, கல்யாணத்தில் வருவது. பால் பாட்டில் பிடிக்கத் தெரியாத பிள்ளையைச் சுற்றி நின்றுகொண்டு “நாளைக்குப் புள்ளி கொடுப்பாங்களா, மாலை வருமா” என்று பேச இப்போது என்ன அவசரம்? இருபது இருபத்தைந்து வருடம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு முடிவு இருந்தால் பெற்றோரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். முகப்பில் வைத்து வேண்டாம். சொத்து பற்றிப் பேசும் பங்காளிகளுக்கும் இதையே சொல்வோம். தத்து நாளிலிருந்து அந்தப் பிள்ளை எல்லா வகையிலும் அந்தப் பெற்றோரின் பிள்ளை என்றுதான் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவும் சொல்கின்றன.

ஐயா பெயர் வைப்பது நம் வழக்கம், வையுங்கள். ஆனால் காப்பகத்தில் கூப்பிட்ட பெயரைச் சில மாதம் சேர்த்தே கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்க அதற்குத் தெரிந்த சத்தம் அது ஒன்றுதான். “எவ்வளவு ஆச்சு”, “பெத்தவங்க யாரு”, “நம்ம நிறம் இல்லையே” என்ற கேள்விகளை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். குழந்தைக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம், இரண்டு வருடத்தில் புரியும். அப்போதும் நீங்கள் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதுதான் எங்கள் அனுபவம்.

மூன்று மாதம் கழித்து, விருந்து வையுங்கள். வைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. குழந்தை தூங்கி எழுந்த பின், காலை பத்து மணிக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குள் முடியும்படி வையுங்கள். மைக் செட் வேண்டாம். குழந்தை அம்மாவின் மடியிலோ அப்பச்சியின் தோளிலோ இருக்கட்டும், ஆசீர்வாதம் தூரத்திலிருந்தே அட்சதையாக விழட்டும், மொய்யை ஐயா வாங்கிக்கொள்ளட்டும். குழந்தை சிணுங்கத் தொடங்கினால் மூவரும் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். யாரும் தடுக்காமல், கோபித்துக்கொள்ளாமல், நீங்கள் பந்தியில் உட்காருங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்தில் தத்துக் குடும்பங்களோடு வேலை செய்வோர்